வினாவிலேயே இருந்த பிழை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பயிற்சி மையத்துக்கு மாதிரி வினாத்தாள்களைச் சரிபார்த்துக் கொடுக்கிறேன். அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வில் 200 வினாக்களில் 100 தமிழ். ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மதிப்பெண். அந்தப் பகுதியில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். அதனால் பிழை நீக்கம் கேட்கும் வினாவில் பிழை இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நெல்லிக்குப்பத்திலிருந்து வரும் மாணவி தேர்வின் நடுவில் எழுந்து நின்றாள்.

“சார், ‘எது சரியான தொடர் அல்ல?’ என்று கேட்டிருக்கிறீர்கள். ‘எது’ ஒருமைதானே? ‘அன்று’ என்றுதானே வர வேண்டும்?”

அந்த வினா சோதித்ததே அன்று, அல்ல வேறுபாட்டைத்தான்! மூன்று முறை படித்திருந்தேன். மூன்று முறையும் என் கண் விடைத் தெரிவுகளிலேயே நின்றிருக்கிறது. அன்றிலிருந்து தெரிவுகளைத் தாளால் மறைத்துவிட்டு, வினாத்தொடரை மட்டும் முதலில் வாய்விட்டுப் படிக்கிறேன்.

விடைக்குறிப்பிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. யானையின் இளமைப் பெயர் எது என்று கேட்டு, கன்று, குழவி இரண்டையும் தெரிவுகளில் வைத்திருந்தார் ஒருவர். விடை கன்றாம். தொல்காப்பிய மரபியலோ யானைக்கு இரண்டு பெயரையும் தருகிறது. குழவியை எடுத்துவிட்டு, யானைக்குப் பொருந்தாத பறழைப் போடச் சொன்னேன்.

என்னை அதிகம் யோசிக்க வைத்த சொல் ‘சுவற்றில்’. பத்துப் பேரில் எட்டுப் பேர் இதைச் சரி என்றே குறிப்பார்கள். இதை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. வீட்டில் ‘கிணத்துல’ என்பதை எழுத்தில் ‘கிணற்றில்’ என்றும், ‘வயித்துல’ என்பதை ‘வயிற்றில்’ என்றும் மாற்றப் பள்ளியில் பழகியவர்கள் அவர்கள். அதே வழியில் ‘செவுத்துல’ என்பதை ‘சுவற்றில்’ ஆக்கிவிடுகிறார்கள். கிணறு, வயிறு இரண்டும் ‘று’ என்று முடிகின்றன. சுவர் அப்படி முடிவதில்லை. வேறுபாடு அவ்வளவுதான். பிழை என்று சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்தால் அடுத்த வாரமும் அதையே எழுதுவார்கள்.

இப்போது வினாத்தாள் கொடுப்பதற்கு முன்பே கரும்பலகையில் மூன்று பேச்சு வடிவங்களையும் எழுதிவிட்டு, வேற்றுமை உருபை நீக்கிச் சொல்லுங்கள் என்கிறேன். கிணறு, வயிறு என்று வேகமாகச் சொல்லிக்கொண்டு வருவார்கள். மூன்றாவதில் ஒரு நொடி தயங்கி நிற்பார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து யாராவது ஒருவர் மெல்லச் சொல்வார்: “சுவர்... அப்படியென்றால் சுவரில்!”