ஊட்னடட்டா பாதையில் மோட்டார்ஹோம்: காற்று, வேகம், அதிர்வு

தென் ஆஸ்திரேலியாவின் வடக்கே, மரீ என்ற சிற்றூரில் தொடங்கி மார்லாவில் முடிகிறது ஊட்னடட்டா பாதை. நீளம் சுமார் 620 கிலோமீட்டர். மண்ணும் சரளையும் களிமண்ணும்தான். செங்குத்தான ஏற்றம் கிடையாது, தாண்ட வேண்டிய பெரிய மணல்மேடும் கிடையாது. மழையில்லாத மாதங்களில், தரையிலிருந்து போதிய உயரமுள்ள வண்டி பெரும்பாலும் சிரமமில்லாமல் போய்விடும். ஆனால் வண்டி போய்ச் சேருவது வேறு, வண்டியின் மேல் உட்கார்ந்திருக்கும் வீடு உடையாமல் போய்ச் சேருவது வேறு. இங்கே வீட்டை உடைப்பது அதிர்வு. அதை அடக்க முதலில் வேண்டியது டயரில் சரியான காற்றும் காலில் பொறுமையும். விலையுயர்ந்த சஸ்பென்ஷனெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பாதை ஏன் இப்படி இருக்கிறது என்பதற்குக் காரணம் நிலத்தடியில் இருக்கிறது. பெரும் ஆர்டீசியன் படுகையின் நீர் இங்கே ஊற்றுகளாக மேலே வருகிறது. பழங்குடி மக்கள் அந்த ஊற்றுகளைத் தொட்டுத்தான் நடந்தார்கள். 1859இல் தொடங்கி ஆய்வுப்பயணி ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட் அதே வழியில் போனார், 1872இல் தந்திக் கம்பி வந்தது. ‘கான்’ என்று பெயர்பெற்ற ரயிலின் பழைய தடம் 1891இல் ஊட்னடட்டாவை எட்டியது, 1980இல் அந்தத் தடம் கைவிடப்பட்டது. ஊற்றுகளைத் தேடிப் போன வழி என்பதால், காட்டி தண்டா (லேக் ஐர்) ஏரியை நோக்கி ஓடும் ஓடைகளையெல்லாம் அது குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. கொஞ்சதூரம் நேர்க்கோடு, திடீரென்று ஓடைப்பள்ளம், மறுபடியும் நேர்க்கோடு. நேர்க்கோட்டில் பிடித்த வேகத்தோடு பள்ளத்தில் இறங்குவதுதான் அச்சையும், வண்டியின் அடிச்சட்டமான சேஸியையும் வளைக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நகரங்களில் வாடகைக்குக் கிடைக்கும், இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் இஞ்சின் விசை போகும் மோட்டார்ஹோம்களை இந்தப் பாதைக்குக் கொண்டுவராதீர்கள். வாடகை ஒப்பந்தங்கள் பொதுவாக மண்சாலையைத் தடை செய்கின்றன. மீறினால் காப்பீடு கைவிட்டுப் போகும், இழுத்து வரும் செலவு முழுவதும் உங்கள் தலையில் விழும். கீழே எழுதுவது ஐசுசு என்பிஎஸ், ஃபூசோ கேன்டர் போன்ற நான்கு சக்கர இயக்க லாரிகளின் மேல் கட்டிய வீட்டுவண்டிகளுக்கும், பின்னால் தங்கும் பெட்டி (கேம்பர்) வைத்த யூட் என்னும் பிக்கப் வண்டிகளுக்கும்.

தகரக் கூரையை வழி நெடுக விரித்துப் போட்டதுபோல் குறுக்கே வரிவரியாக மேடு பள்ளம் இருக்கும். கொரகேஷன் என்பார்கள். முரட்டு லாரிகள் போவதால் மட்டும் இது வருவதில்லை. உலர்ந்த மண்மேல், ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் உருளும் எந்தச் சக்கரமும் இதை உண்டாக்கும். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், சுழலும் மணல்தட்டின் மேல், ஸ்பிரிங்கே இல்லாத சக்கரத்தை ஓட்டியபோதும் இந்த வரிகள் தோன்றின. அதனால்தான் கிரேடர் வந்து சமப்படுத்திய பாதையிலும் வண்டிகள் ஓட ஓட வரிகள் திரும்ப வந்துவிடுகின்றன. வளைவுக்கு முன்னால் பிரேக் பிடிக்கும் இடத்திலும், வளைவு முடிந்து வேகம் எடுக்கும் இடத்திலும் ஆழம் அதிகம்.

கணக்கு எளிது. வரிக்கு வரி இடைவெளி 75 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டரில் சக்கரம் நொடிக்கு 11 தடவை அடி வாங்கும். சக்கரமும் அச்சும் தாமாகத் துள்ளும் இயல்பான அதிர்வெண்ணும் நொடிக்கு 10 முதல் 15 வரைதான். இரண்டும் பொருந்தும்போது அடி பெருகுகிறது. 30, 40 வேகத்தில் பல் ஆடும் அளவுக்கு வண்டி உதறுவது இதனால்தான். 80இல் நொடிக்கு ஏறக்குறைய 30 அடி. அந்த வேகத்துக்குச் சக்கரம் கீழே இறங்கி எழ நேரமில்லை, மேட்டுக்கு மேடு தாவிப் போகும். உள்ளே இருப்பவருக்குச் சட்டென்று சுகமாகிவிடும்.

பலர் அந்தச் சுகத்தை நம்பி 80, 90 என்று போகிறார்கள். இலகுவான வண்டிக்கு அது ஓரளவு சரி. ஆறேழு டன் வீட்டுவண்டிக்கு என் பரிந்துரை அதுவல்ல. மேட்டுக்கு மேடு தாவும் டயர் விட்டுவிட்டுத்தான் மண்ணைத் தொடுகிறது. பிரேக் பிடிக்கும் தூரம் நீள்கிறது, சிறு வளைவிலும் பின்பக்கம் வெளியே விலகுகிறது. உயரமான பெட்டி சரியத் தொடங்கினால் திருப்பிப் பிடிக்க முடியாது. நல்ல பகுதிகளில் 60க்கும் 70க்கும் இடையில் ஓட்டலாம். வரி ஆழமான இடத்தில் 15, 20க்கு இறங்கி ஊர்ந்து தாண்டிவிடுங்கள். நடுவிலுள்ள 30–45இல் நீண்டநேரம் தங்கக் கூடாது. சில சமயம் பாதையின் ஓரம் வரியில்லாமல் இருக்கும். எதிரே பார்வை தெளிவாக இருந்தால் அதில் இரு சக்கரத்தை வைத்து ஓட்டலாம். ஆனால் பாதையை விட்டு வெளியே புதுத்தடம் போடாதீர்கள். அந்த மேற்பரப்பு ஒருமுறை உடைந்தால் ஆண்டுக்கணக்கில் ஆறாது.

இனி காற்று. டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அழுத்தம் அந்த டயர் முழுச் சுமை தாங்க வேண்டியது, உங்கள் வண்டிக்கானது அல்ல. தண்ணீர், டீசல், சாப்பாடு, ஆட்கள் எல்லாம் ஏற்றியபின் எடைமேடையில் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியாக எடை போடுங்கள். டயர் நிறுவனத்தின் சுமை அட்டவணையில் அந்த எடைக்கு என்ன அழுத்தம் என்று பாருங்கள். தார்ச்சாலைக்கு அதுதான் அடிப்படை. சரளையில் அதிலிருந்து 20 முதல் 25 சதவீதம் குறைக்கலாம். தார்ச்சாலையில் 38 பிஎஸ்ஐ வைக்கும் யூட் வண்டி 28, 30க்கு வரும். 70 வைக்கும் லாரி 54, 55க்கு வரும். குறைத்தபின் 80ஐத் தாண்டக் கூடாது. குறைந்த காற்றில் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிகிறது. வேகம் கூடினால் அந்த மடங்கல் சூடாகி, உள்ளே இருக்கும் இழைகள் பிரிந்து, டயர் வெடிக்கும். காற்றைக் குறைத்துவிட்டு வேகத்தைக் குறைக்காதவர்கள்தான் டயரை இழக்கிறார்கள்.

சரியாகக் குறைத்திருக்கிறோமா என்று டயரே சொல்லும். காலையில் குளிர்ந்த நிலையில் அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் ஓடியபின் மறுபடி பாருங்கள். 4 முதல் 6 பிஎஸ்ஐ வரை கூடியிருந்தால் சரி. அதற்கு மேல் ஏறியிருந்தால் டயர் அளவுக்கு மீறிச் சூடாகிறது: காற்று போதவில்லை, அல்லது சுமையோ வேகமோ அதிகம். சற்றும் கூடவில்லையென்றால் இன்னும் குறைக்க இடமிருக்கிறது. சூடான டயரில் கூடிய காற்றை மட்டும் எக்காரணம் கொண்டும் திறந்துவிடாதீர்கள். டயர் குளிர்ந்ததும் தேவைக்குக் கீழே போய்விடும்.

ஷாக் அப்சார்பர் அடுத்தது. துள்ளும் சக்கரத்தின் ஆற்றலை அது எண்ணெய்ச் சூடாக மாற்றுகிறது. மணிக்கணக்கில் அடி வாங்கினால் எண்ணெய் நுரைக்கும், பிடிப்பு போகும், கடைசியில் சீல் கசியும். 50, 60 கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, தொடாமல் வெப்பம் அளக்கும் கருவியால் நான்கையும் பாருங்கள். ஒரே அச்சில் இடதும் வலதும் ஏறக்குறைய சமமாகச் சுட வேண்டும். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது நலமாக இருக்கிறது என்று பொருளல்ல, வேலை செய்யவில்லை என்று பொருள். கால்மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்ற வேண்டாம்.

வீட்டுப் பெட்டியைச் சேஸியோடு எப்படிப் பூட்டியிருக்கிறார்கள் என்பதை வண்டி வாங்கும் முன்பே குனிந்து பாருங்கள். ஒரு சக்கரம் ஓடைப்பள்ளத்தில் இறங்கும்போது லாரிச் சேஸி முறுக்கிக்கொள்ளும், அப்படி முறுக்கத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். பெட்டி முறுக்காது. இரண்டையும் நேராக போல்ட் போட்டு இறுக்கினால் பெட்டியின் மூலைகளும் ஜன்னல் ஓரங்களும் விரிசல் விடும். மூன்று அல்லது நான்கு புள்ளிகளில் அசையும் தாங்கிகள் வைத்த துணைச்சட்டமோ, ஸ்பிரிங் வைத்த போல்ட்டுகளோ இருக்க வேண்டும். அந்த போல்ட்டுகளைத் தினமும் பாருங்கள். நட்டின் மேலிருந்து அடிப்பாகம் வரை பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்து வைத்தால், தளர்ந்திருக்கிறதா என்று கண்ணாலேயே தெரியும். சக்கர நட்டுகளுக்கும் அதே கோடு.

பெட்டிக்குள் உடைவதெல்லாம் உரசலாலும் தொங்கலாலும் உடைபவை. மேலே மாட்டிய மைக்ரோவேவ் அடுப்பு திருகுகளைப் பிடுங்கிக்கொண்டு இறங்கும், முடிந்தால் அதைக் கழற்றித் தரையில் வையுங்கள். அலுமினிய பானக் கேன்கள் ஒன்றோடொன்று உரசி ஊசித்துளை விட்டு ஒழுகும், இடையில் துணி வைத்து இறுக்கமாக அடுக்க வேண்டும். பேட்டரியைப் பட்டையால் கட்டினால் போதாது, உலோகப் பிடி வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் பட்டையையும் கழிவுநீர்க் குழாயின் முழங்கையையும் கல்லடியிலிருந்து காக்க ரப்பர் விரிப்பு கட்டலாம். சமையல் கேஸின் செம்புக் குழாய் அதிர்ந்து அதிர்ந்து கடினப்பட்டு, இணைப்புக்கு அருகே விரிசல் விடும். ஓடும்போது சிலிண்டர் வால்வு மூடியே இருக்கட்டும். மாலையில் திறந்ததும் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புநீர் தடவி குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகே அடுப்பைப் பற்றவையுங்கள்.

புழுதியைத் தடுக்க ஓட்டைகளை மட்டும் அடைத்துக்கொண்டிருந்தால் முடிவே இருக்காது. ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால், கதவிடுக்கு வழியாகப் புழுதி உள்ளே உறிஞ்சப்படுகிறது. கூரையில் முன்னோக்கித் திறக்கும் சிறு காற்றுவாய் இருந்தால், அதன் வழியே வரும் காற்று பெட்டிக்குள் அழுத்தத்தைக் கூட்டி புழுதியை வெளியே தள்ளும். டிரைவர் அறையிலும் ஃபேனை வேகமாக வைத்து வெளிக்காற்றை எடுங்கள். முன்னால் ஒரு வண்டி போனால் மட்டும் உட்காற்றுக்கு மாற்றுங்கள். கேஸில் ஓடும் ஃபிரிட்ஜின் வெளித்துவாரத்தை டேப் போட்டு ஒட்டியிருந்தால், அதைப் பற்றவைக்கும் முன் டேப்பை எடுத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு உள்ளே வரும். இஞ்சின் ஏர் ஃபில்டரைத் தினமும் பாருங்கள், மாற்று ஒன்று கையில் இருக்கட்டும்.

கிப்பர் என்னும் கூர்கற்கள் பரவிய பகுதிகள் டயரின் பக்கச்சுவரை வெட்டும். மிதிபரப்பில் விழுந்த துளையைப் பிளக் போட்டு அடைக்கலாம், பக்கச்சுவர் வெட்டுக்கு மருந்தில்லை. ஆகவே இரண்டு ஸ்டெப்னி. பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள லாரிகளில் இரண்டு டயர்களுக்கு நடுவே கல் சிக்கும். அது இரண்டு பக்கச்சுவரையும் ஒரே நேரத்தில் அரைத்துவிடும். நிறுத்தும்போதெல்லாம் விளக்கடித்துப் பாருங்கள், நெம்பி எடுக்க வரவில்லையென்றால் வெளிச்சக்கரத்தைக் கழற்றியாவது எடுங்கள். இந்தத் தொல்லைக்காகவே பலர் பின்னால் ஒற்றை அகல டயருக்கு மாற்றுகிறார்கள். அது நல்ல செலவு.

மாவு போன்ற புழுதி நிரம்பிய குழிகள், அதாவது புல்டஸ்ட், மேலே பார்க்கச் சமதரைபோல் தெரியும். நிறம் வெளிறி, தடம் மழமழவென்று இருந்தால் முன்பே வேகத்தைக் குறையுங்கள், உள்ளே இறங்கியபின் பிரேக் மிதிக்காதீர்கள். பல டிரெய்லர்களை இழுத்து வரும் ரோடு டிரெயின் லாரி எதிரே வந்தால் இடப்பக்கம் ஒதுங்கி நின்றுவிடுங்கள். 50 மீட்டருக்கு மேல் நீளமுள்ளவையும் உண்டு, அதன் புழுதி அடங்கும்வரை எதுவும் தெரியாது. வண்டிக்கு வண்டி பேசும் யூஎச்எஃப் ரேடியோவை, லாரிக்காரர்கள் பேசும் 40ஆம் சேனலில் வைத்திருங்கள்.

மழை பெய்தால் கதை முடிந்தது. களிமண் டயரை முழுக்க மூடி வழுக்கும், பாதையை மூடிவிடுவார்கள். மூடிய பாதையில் போனால் அபராதம் உண்டு, உங்கள் டயர் போட்ட சால்பள்ளம் காய்ந்து அடுத்தவர் அச்சை உடைக்கும். புறப்படும் காலையில் மாநில அரசின் பாதை நிலவரத்தைப் பாருங்கள். மழை பிடித்தால் ஊரில் தங்கிக் காத்திருங்கள். போக ஏற்ற காலம் மே முதல் ஆகஸ்ட் வரை. ஊட்னடட்டாவில் 1960 ஜனவரி 2இல் 50.7 டிகிரி பதிவாகியிருக்கிறது. கோடையில் வண்டி நின்றுவிட்டால் அது உயிர்ப் பிரச்சினை.

டீசல் மரீ, வில்லியம் கிரீக், ஊட்னடட்டா, மார்லா நான்கிலும் கிடைக்கும். ஒவ்வொரு இடைவெளியும் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். சரளையில் வழக்கத்தைவிடக் கால்பங்கு கூடுதலாகக் குடிக்கும் என்று கணக்கிடுங்கள். தண்ணீர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர், தேவைக்கு மேல் மூன்று நாள் கையிருப்பு. அதில் பாதியாவது தொட்டியில் இல்லாமல் தனிக் கேன்களில் இருக்க வேண்டும். தொட்டி விரிசல் விட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் மண்ணுக்குப் போய்விடும். செல்போனை நம்ப முடியாது, சேட்டிலைட் தொடர்பு வேண்டும். வண்டி நின்றுபோனால் அதை விட்டு நடக்கக் கூடாது.

மார்லாவில் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையின் தார் தொடங்குகிறது, வேக எல்லை 110. தாரில் ஏறும் முன் எல்லா டயர்களிலும் காற்றை ஏற்றிவிடுங்கள். சிறிய 12 வோல்ட் கம்ப்ரசர் லாரி டயருக்குத் திணறும், இரண்டு டயருக்கு ஒருமுறை ஆறவிடுங்கள். சக்கர நட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் சரிபார்த்து, லீஃப் ஸ்பிரிங்கின் ஒவ்வொரு பட்டையிலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அடிப்பாகத்தில் ஒட்டிய களியை நீரடித்துக் கழுவிவிட வேண்டும். சக்கரத்தின் உட்பக்கம் அப்பிக் காய்ந்த களி ஒன்றே போதும், 90க்கு மேல் ஸ்டீயரிங் உதறும்.