இருபத்தாறு முடிவதற்குள்

பிப்ரவரி 9, 2025, ஞாயிறு. டிரெஸ்டன், ஜெர்மனி

மாதக் கடைசியில் தேர்வுகள் முடிந்துவிடும். அப்புறம் ஏப்ரல் வரை வகுப்பு இல்லை. விடுதிச் சமையலறையில் யாரைப் பார்த்தாலும் "எங்கே போறீங்க?" என்பதுதான் பேச்சு. எனக்கும் ரூம்மேட்டுக்கும் ஆளுக்கு 250 யூரோ என்று முடிவாகியிருக்கிறது. அதற்குமேல் இல்லை. விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டுவைத்த பிளாக்ட் அக்கவுண்டிலிருந்து மாதம் 992 யூரோ வருகிறது. வாடகை, காப்பீடு, சாப்பாடு போக என்ன மிஞ்சும் என்பது இங்கே படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

அவளுக்குப் பாரிஸ். எனக்குப் பிராகும் வியன்னாவும். நாளைக்குள் இரண்டு பேரும் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம்.

பிப்ரவரி 12, புதன்

"ஏய், பெர்லின்லேர்ந்து பாரிஸ் 19 யூரோதான்டீ!" என்று போனை நீட்டினாள். உண்மைதான். திரையில் 19 என்றுதான் இருந்தது.

ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தோம். திரும்பி வர 34. தோள்பை மட்டும் போதாது. பெட்டிக்குத் தனியாக 30. விமானம் காலை ஆறரைக்கு. டிரெஸ்டனிலிருந்து எல்ஸ்டர்வெர்டா வழியாக உள்ளூர் ரயிலில் பெர்லினுக்கே மூன்று மணி நேரம் பிடிக்கும், ஆகவே முந்தைய இரவு விமான நிலைய நாற்காலியில்தான். அங்கே இறங்கியதும் ஊருக்குள் போக 13 யூரோ. இந்த ஜனவரியிலிருந்து பாரிஸில் விமான நிலைய டிக்கெட் ஒரே விலை. வரும்போது இன்னொரு 13. போவே என்ற இடத்தில் இறக்கும் விமானமாக இருந்தால் பாரிஸே 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். ஹாஸ்டலில் ஒரு கட்டில் 38, மூன்று இரவு. கூட்டினால் 223. இன்னும் ஒரு வாய் சாப்பிடவில்லை.

அவள் தாளைத் திருப்பிப் போட்டுவிட்டு டீ போடப் போய்விட்டாள். பாரிஸைக் கைவிட்டதாகச் சொல்லவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்று ஆட்டத்தைத் திருப்பிவிட்டாள். லூவ்ர் அருங்காட்சியகத்தின் நுழைவுக் கட்டணம் 22 யூரோ. ஆனால் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் வசிக்கிற, 26 வயது நிரம்பாதவர்களுக்கு இலவசம். கவனிக்க: வசித்தால் போதும், குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. இந்தியக் கடவுச்சீட்டோடு ஜெர்மன் ரெசிடென்ஸ் பெர்மிட்டைக் காட்டினால் உள்ளே விடுவார்கள். ஓர்சே அருங்காட்சியகம், வெர்சாய் அரண்மனை இரண்டிலும் இதே சலுகை. மூன்றையும் கூட்டினால் ஒருத்திக்கு ஐம்பது யூரோவுக்கு மேல் மிச்சம்.

எனக்கு 23 நடக்கிறது. அவளுக்கு அக்டோபரில் 26 முடிகிறது.

ஆக, பாரிஸுக்கு ஒரு கடைசித் தேதி வந்துவிட்டது. செப்டம்பர் விடுமுறையில் பேருந்தில் போவது என்று பேசி முடித்தோம். சாப்பாட்டுக்கும் வழி சொல்கிறாள்: கார் து நோர் நிலையத்துக்குப் பக்கத்திலேயே லா ஷப்பல் இருக்கிறதாம், ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக. தோசை கிடைக்கிற ஊரில் பட்ஜெட் பிழைத்துக்கொள்ளும் என்பது அவள் கட்சி. மார்ச் மாதம் எனக்கு.

பிப்ரவரி 22, சனி

வயதுக் கணக்கு பாரிஸோடு நிற்கவில்லை. செக் குடியரசில் 18 முதல் 26 வயது வரையிலான மாணவர்களுக்கு உள்நாட்டு ரயிலிலும் பேருந்திலும் பாதிக் கட்டணம். 2018இல் தொடங்கியபோது 75 சதவீதம் தள்ளுபடி கொடுத்தார்கள், 2022இல் அதை 50 ஆக்கிவிட்டார்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கும் உண்டு. ஐசிக் என்ற சர்வதேச மாணவர் அட்டை இருந்தால் போதும்.

'உள்நாட்டு' என்பதில்தான் விஷயம். டிரெஸ்டனிலிருந்து பிராகுக்கு ஒரே டிக்கெட்டாக எடுத்தால் அது சர்வதேசப் பயணம். எல்லையில் வெட்டிவிட்டால்? செமஸ்டர் கட்டணத்தோடு வரும், ஜெர்மனி முழுக்க உள்ளூர் ரயில்களில் செல்லும் டாய்ச்லாண்ட் டிக்கெட்டில் எஸ்1 ரயிலில் எல்லைக்குப் பக்கத்திலுள்ள பாட் ஷாண்டாவ் வரை சும்மா போகலாம். அங்கிருந்து யூ28 என்ற குட்டி ரயில் எல்பே நதியை ஒட்டியே செக் ஊரான டெசினுக்குப் போகிறது. நம் டிக்கெட் எல்லையைத் தாண்டாது, அந்தத் துண்டுக்கு மட்டும் தனியாகப் பணம். டெசினிலிருந்து பிராக் பாதி விலை. நேரடி ரயிலைவிட நேரம் கூடத்தான் ஆகும். ஆகட்டும், அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கைக் கொஞ்சம் மெதுவாகப் பார்ப்பதில் எனக்கு வருத்தமில்லை.

பல நாட்டு ரயில்களுக்கும் ஒரே டிக்கெட்டான இன்டர்ரெயில் பாஸையும் பார்த்தேன். ஐரோப்பாவில் வசிப்பதால் எங்களுக்கும் கொடுப்பார்கள், 27 வயது வரை தள்ளுபடியும் உண்டு. ஆனால் நாங்கள் போகிற தூரத்துக்கு அது தேவையே இல்லை. ஒரே மாதத்தில் ஐந்தாறு நாடுகளை நீளமாகச் சுற்றுகிறவர்கள் வாங்கலாம்.

மார்ச் 1, சனி

தங்குமிடம் தேடியதில் இன்றைய பகல் முழுக்கப் போனது. ரயில் டிக்கெட்டைவிடக் கட்டில்தான் செலவை இழுக்கிறது, அதிலும் வெள்ளி, சனி இரவுகள். வியன்னாவில் செவ்வாய்க்கிழமை 21 யூரோவுக்குக் கிடைக்கும் அதே கட்டில் சனிக்கிழமை 39.

அதனால் ஊர்களின் வரிசையை வார நாட்களை வைத்துப் போட்டோம். வார இறுதியை யாரும் அவசரப்பட்டுப் போகாத ஊரில் கழிக்க வேண்டும்: பிர்னோ. செக் நாட்டின் இரண்டாவது பெரிய நகரம், வெள்ளிக்கிழமையிலும் 17 யூரோவுக்குக் கட்டில் கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆஸ்திரியாவில் கடைகள் பூட்டியிருக்கும், ரயில் நிலையக் கடைகள்தான் கதி. ஸ்லோவாக்கியாவில் திறந்திருக்கும். ஆகவே ஞாயிறு பிராட்டிஸ்லாவா. திங்கட்கிழமை வியன்னாவில் முக்கியமான சில அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். அதனால் திங்கள் மாலை போய்ச் சேர்ந்து, செவ்வாயை முழுதாக வைத்துக்கொள்வது.

பிராட்டிஸ்லாவாவில் தங்கிக்கொண்டு வியன்னாவைத் தினமும் போய்ப் பார்த்து வரலாம் என்று சிலர் சொல்கிறார்கள். இரண்டு ஊருக்கும் இடையே ஒரு மணி நேரம்தான். ஆனால் போக வர டிக்கெட்டும் இரண்டு மணி நேரமும் சேர்த்தால் கட்டிலில் மிச்சம் பிடித்தது கரைந்துவிடுகிறது. சனிக்கிழமையானால் யோசிக்கலாம்.

புடாபெஸ்டைக் கழற்றிவிட்டோம். அங்கிருந்து திரும்பி வரும் செலவு போகிற செலவைவிட அதிகம். வேறு காரணம் இல்லை.

மார்ச் 4, செவ்வாய்

திரும்பும் வழி கிடைத்துவிட்டது, எனக்கு இதில் கொஞ்சம் பெருமைகூட. டாய்ச்லாண்ட் டிக்கெட் ஆஸ்திரிய எல்லைக்குள் சால்ஸ்பர்க் நிலையம் வரை செல்லும். வியன்னாவிலிருந்து சால்ஸ்பர்க் இரண்டரை மணி நேரம், தனியார் ரயிலில் முன்பதிவு செய்ததில் 17 யூரோ. அப்புறம் மியூனிக், ரேகன்ஸ்பர்க், ஹோஃப், டிரெஸ்டன் என்று உள்ளூர் ரயில்களிலேயே வந்துவிடலாம். ஒரே மூச்சில் வந்தால் பத்து மணி நேரம் வரை ஆகும், முதுகு கழன்றுவிடும். ரேகன்ஸ்பர்க்கில் படிக்கிற சீனியர் அக்கா, "சோறு வடிச்சு வைக்கிறேன், வந்து படுத்துட்டுப் போங்கடீ" என்றார்.

மார்ச் 11, செவ்வாய்

நாளைக் காலை கிளம்புகிறோம். பையில்: புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், அரை கிலோ அரிசி, ஊறுகாய். சமையலறை உள்ள ஹாஸ்டல்களாகத்தான் பிடித்திருக்கிறோம்.

கடவுச்சீட்டு, ரெசிடென்ஸ் பெர்மிட் இரண்டும் அசலாக. எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் பகுதிதானே, யார் கேட்பார்கள் என்று இருக்க முடியாது. கடந்த செப்டம்பரிலிருந்து ஜெர்மனி எல்லா நில எல்லைகளிலும் சோதிக்கிறது, ரயிலுக்குள்ளேயே ஏறிக் கேட்பார்கள். போட்டோகாப்பி செல்லாது. காப்பீட்டு அட்டையின் பின்பக்கமே ஐரோப்பிய மருத்துவ அட்டை, அதற்குத் தனிக் காப்பீடு வேண்டாம். பெற்றோருக்கு ஊர் வரிசையை வாட்ஸ்அப்பில் அனுப்பியாகிவிட்டது. அம்மாவின் பதில்: "ராத்திரி பஸ் இல்லல்ல?"

மார்ச் 13, வியாழன். பிராக்

டெசின் வழி சரியாக வேலை செய்தது. டிக்கெட் பரிசோதகர் ஐசிக் அட்டையை வாங்கி, பிறந்த தேதியைப் பார்த்து, ரூம்மேட்டைப் பார்த்து, மறுபடி தேதியைப் பார்த்தார். "இன்னும் ஏழு மாசம் இருக்குங்க" என்று தமிழில் முனகினாள்.

ஒரு யூரோவுக்குச் சுமார் 25 கொருனா. பணம் எடுக்கும் இயந்திரம் "யூரோவில் கணக்கிடவா?" என்று ஆசை காட்டும், மறுத்துவிட்டு உள்ளூர்ப் பணத்திலேயே எடுக்க வேண்டும், இல்லையென்றால் அவர்கள் வைத்ததுதான் மாற்று விலை. மெட்ரோ டிக்கெட்டை வாங்கினால் மட்டும் போதாது, மஞ்சள் பெட்டியில் முத்திரை குத்த வேண்டும்.

தேசிய ஓவியக்கூடத்தின் நிரந்தரக் காட்சிகள் 26 வயதுக்குட்பட்ட மாணவர்களுக்கு இலவசம், அதனால் மழைப் பிற்பகல் முழுவதும் அங்கே. சார்லஸ் பாலத்துக்கு ஆறரைக்கே போய்விட்டோம். பத்து மணிக்குப் போயிருந்தால் முதுகுகளைத்தான் பார்த்திருப்போம். ரூம்மேட் சைவம். இரண்டு நாளும் ஸ்மாஷெனி சிர், அதாவது ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த பாலாடைக்கட்டி. இன்று இரவு புளிசாதம் என்று அவளே அறிவித்துவிட்டாள்.

மார்ச் 16, ஞாயிறு. பிராட்டிஸ்லாவா

பிர்னோவைப் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை, ஆனால் இந்தப் பயணத்தில் நன்றாகத் தூங்கிய ஊர் அதுதான். கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோவ் கட்டிய டுகெண்ட்ஹாட் வில்லாவுக்கு உள்ளே போக வெகு முன்னதாகவே பதிய வேண்டும், எங்களுக்குக் கிடைக்கவில்லை.

ஸ்லோவாக்கியா வேறு மாதிரி. இங்கே 2014 நவம்பரில் மாணவர்களுக்கு ரயிலை இலவசமாக்கினார்கள். ஆனால் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு மட்டும். பாரிஸில் எங்கே வசிக்கிறாய் என்று கேட்கிறார்கள், செக்கில் படிக்கிறாயா என்று கேட்கிறார்கள், இங்கே எந்தக் கடவுச்சீட்டு என்று கேட்கிறார்கள். ஒரே அட்டைக்கு மூன்று விலை. இலவசம் என்று படித்ததும் துள்ளாமல், யாருக்கு என்ற வரியையும் படித்துவிட வேண்டும்.

சூப்பர்மார்க்கெட் திறந்திருந்தது. தயிர் வாங்கினோம்.

மார்ச் 18, செவ்வாய். வியன்னா

கார்ல்ஸ்பிளாட்ஸில் வியன் மியூசியம், 2023 டிசம்பரில் புதுப்பித்துத் திறந்தது. நிரந்தரக் காட்சி எல்லாருக்கும் இலவசம். வயது, அட்டை எதுவும் கேட்கவில்லை. குழாய்த் தண்ணீர் ஆல்ப்ஸ் மலையிலிருந்து 1873 முதல் வருகிறது, பாட்டில் வாங்கும் காசு மிச்சம். ராத்திரி ஸ்டேட் ஓபராவில் நின்று பார்க்கும் இடம். 20 யூரோவுக்குள், இந்தப் பயணத்தில் நாங்கள் செய்கிற ஒரே ஆடம்பரம்.

உள்ளே போகும் வரிசையில் நிற்கும்போதே அவள் செப்டம்பர் பேருந்துகளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். திங்கள் ஓர்சேவும் வெர்சாயும் மூடல், செவ்வாய் லூவ்ர் மூடல். புதனும் வெள்ளியும் லூவ்ர் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும். ஆக, புதன் காலையில் போய் இறங்க வேண்டும். அப்படியானால் செவ்வாய் ராத்திரிப் பேருந்து. அம்மாவிடம் இதை யார் சொல்வது என்று இன்னும் முடிவாகவில்லை.