நீர், பனிக்கட்டி, நீராவி: திரித்துவக் கேள்வியில் நான் சறுக்கிய கதை

இறையியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில், கோட்பாட்டு வரலாற்றுத் தாளில் திரித்துவம் (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவராயினும் ஒரே கடவுள் என்ற கிறிஸ்தவக் கோட்பாடு) பற்றிய கேள்விக்கு நான்கு பக்கம் எழுதினேன். 20க்கு 5 வந்தது. ஞாயிறு பள்ளியில் கற்ற உவமையை வைத்துத் தொடங்கியிருந்தேன்: நீர், பனிக்கட்டி, நீராவி மூன்றும் ஒரே பொருள்தானே, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியும் அப்படியே. ஓரத்தில் ஆசிரியர் சிவப்பு மையில் ஒரே வரி எழுதியிருந்தார்: "இதைச் சொன்னதற்காகத்தான் சபெல்லியுஸைச் சபை தள்ளியது."

அந்த வரி புரிய எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. ஒரே நீர் மூன்று வடிவம் எடுக்கிறது என்றால், ஒரே கடவுள் மூன்று வேடம் போடுகிறார் என்றாகிவிடும். சபெல்லியுஸ் சொன்னது இதைத்தான். அப்படியானால் கெத்செமனே தோட்டத்தில் இயேசு யாரிடம் ஜெபித்தார்? மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் இதே கருத்துக்காரரான பிராக்சேயஸைக் கிண்டல் செய்கிறார்: பிராக்சேயஸ் தேற்றரவாளரை (பரிசுத்த ஆவியை)த் துரத்திவிட்டுப் பிதாவைச் சிலுவையில் அறைந்துவிட்டாராம்.

அடுத்த தேர்வுக்குத் தயாரித்தபோது உவமைகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தேன். முட்டையின் ஓடு, வெள்ளை, மஞ்சள் என்று சொன்னால் ஒவ்வொன்றும் முட்டையின் ஒரு பகுதிதான், முழு முட்டை அல்ல. பேதுரு, யாக்கோபு, யோவான் மூவரும் ஒரே மனிதத் தன்மை உடையவர்கள் என்ற உவமையை நான்காம் நூற்றாண்டின் பெரிய இறையியலாளர் நிசாவின் கிரகோரியே கையாண்டார். "அப்படியானால் மூன்று மனிதர் என்பதுபோல மூன்று கடவுளா?" என்ற கேள்வி வந்தது. கடவுள் மூவர் அல்லர் என்று விளக்க அவர் தனியாக ஒரு நூலே எழுத வேண்டியிருந்தது. அவருக்கே இந்தக் கதி என்றால், தேர்வறையில் மூன்று மணி நேரத்துக்குள் நாம் எந்த மூலை? உவமை எழுதுவதானால், அது எந்த இடத்தில் முறிகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

என் இரண்டாவது தவறு, ஆரியஸை வில்லனாகப் படித்தது. (தமிழில் விடை எழுதுகிறவர்களுக்கு இடையில் ஒரு சொல்: "ஆரியர்கள்", "ஆரியக் கொள்கை" என்று எழுதாதீர்கள். நம் ஊரில் அது வேறு சண்டை. "ஆரியஸின் கொள்கை" என்றே எழுதுங்கள்.) அவர் அலெக்சாந்திரியாவில் ஒரு மூப்பர். கி.பி. 318 வாக்கில் தம் ஆயர் அலெக்சாந்தருடன் மோதினார். அவர் பயந்தது கடவுளின் ஒருமைக்காக. கடவுள் பிறவாதவர், பிரிக்க முடியாதவர். அவருடைய பொருளிலிருந்தே குமாரன் வந்தார் என்றால் கடவுளைத் துண்டு போட்டதாகாதா? ஆகவே குமாரன் படைப்புகளுக்கெல்லாம் தலையான படைப்பு, "அவர் இல்லாதிருந்த வேளை ஒன்று உண்டு" என்றார். "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" என்ற யோவான் 14:28 அவர் பக்கம் நின்றது.

அவருக்கு இன்னும் பலமான வசனம் நீதிமொழிகள் 8:22. நம் பழைய தமிழ் வேதாகமத்தை மட்டும் படித்தால் அது ஏன் என்று பிடிபடாது. அதில் ஞானம், "கர்த்தர்... என்னைத் தமது வழியின் ஆதியாகக் கொண்டிருந்தார்" என்கிறது. ஆரியஸும் எதிரணியும் படித்த கிரேக்க மொழிபெயர்ப்பிலோ அந்த இடத்தில் இருப்பது "படைத்தார்". அந்த ஞானம் கிறிஸ்துவே என்பதில் இரு தரப்புக்கும் சந்தேகம் இல்லை. ஒரு வினைச்சொல் எவ்வளவு பாடுபடுத்தியிருக்கும் என்று பாருங்கள். இதை விடையில் எழுதியதற்கு ஆசிரியர் ஒரு 'டிக்' போட்டார்.

ஆரியஸை எதிர்த்தவர்களில் முக்கியமானவர் அத்தனாசியுஸ். அவருடைய பயம் வேறு. குமாரன் ஒரு படைப்பு என்றால் படைப்பு எப்படிப் படைப்பை மீட்கும்? அவரை வணங்கும் நாம் சிலை வணக்கத்தார் ஆகிவிட மாட்டோமா? இந்த இரண்டு பயங்களையும் ஒரு தாளில் எதிரெதிரே எழுதி வைத்துக்கொண்டேன். பிறகு ஆண்டுகள் தாமாக ஒட்டிக்கொண்டன. 325இல் கான்ஸ்டன்டைன் பேரரசர் கூட்டிய நிசேயா சங்கம் (ஆயர்களின் பேரவை), குமாரன் பிதாவோடு ஒரே ஊசியா உடையவர் என்று பொருள்படும் 'ஹோமோஊசியோஸ்' என்ற கிரேக்கச் சொல்லை விசுவாச அறிக்கையில் வைத்தது. 328இல் அத்தனாசியுஸ் அலெக்சாந்திரியாவின் ஆயரானார். ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். 337இல் மரணப் படுக்கையில் பேரரசருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரோ ஆரியஸை ஆதரித்த நிகோமேதியா எவுசேபியுஸ். நிசேயாவோடு விவாதம் முடிந்தது என்று எழுதினால் தேர்வாளருக்குக் கோபம் வரும். அது நியாயமான கோபம்தான்.

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் அந்தச் சொல்லே. எங்கள் சபையில் நிசேயா விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லும்போது "பிதாவோடே ஒரே தன்மையுடையவர்" என்கிறோம். கத்தோலிக்கத் திருப்பலியில் "தந்தையோடு ஒரே பொருளானவர்" என்கிறார்கள். சிறு வயதிலிருந்து இரண்டையும் கேட்டிருக்கிறேன், வித்தியாசம் உறைத்ததில்லை. ஊசியா என்பதைத் தன்மை என்பதா, பொருள் என்பதா? பொருள் என்றால் பொன்னை உருக்கி இரண்டு நகை செய்ததுபோல் ஆகிவிடுமோ என்று அன்றைக்கே பலர் தயங்கினார்கள். வேதாகமத்தில் இல்லாத சொல் என்ற குறையும் இருந்தது. போதாததற்கு, 268இல் அந்தியோக்கியா சங்கம் அவ்வூர் ஆயரான சமோசாத்தா பவுலைக் கண்டித்தபோது இதே சொல்லைத் தள்ளியிருந்தது. அதனால்தான் "ஒத்த பொருள்" என்ற 'ஹோமொயூசியோஸ்' சிலருக்குப் பிடித்தது. ஓர் எழுத்துக்காகச் சண்டையிட்டார்கள் என்று சிரிப்பவர்கள் உண்டு. தமிழில் ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா?

இன்னொரு முடிச்சு: நிசேயா அறிக்கையின் கடைசியில் ஊசியாவும் ஹுப்போஸ்தாசிஸ் என்ற இன்னொரு கிரேக்கச் சொல்லும் ஒரே அர்த்தத்தில் வருகின்றன. பின்னால் கப்பதோக்கியர் மூவர் (பேசில், நசியான்சு கிரகோரி, நிசாவின் கிரகோரி) ஒரு ஊசியா, மூன்று ஹுப்போஸ்தாசிஸ் என்று பிரித்தார்கள். இரண்டாவதைத்தான் நாம் ஆள்தத்துவம் என்கிறோம். இந்த மாற்றத்தைக் கவனிக்காமல் படித்தால் இரண்டு அறிக்கைகள் ஒன்றையொன்று மறுப்பதுபோலத் தோன்றும். நான் அப்படியே குழம்பி, பாடநூலில் அச்சுப்பிழை என்று பென்சிலால் திருத்தி வைத்திருந்தேன்! 362இல் அலெக்சாந்திரியாவில் கூடிய சங்கத்தில் அத்தனாசியுஸ், மூன்று ஹுப்போஸ்தாசிஸ் என்றவர்கள், ஒன்றே என்றவர்கள் ஆகிய இரு தரப்பையும் அழைத்து, "மூன்று என்று சொல்லும்போது என்ன நினைக்கிறீர்கள், ஒன்று என்று சொல்லும்போது என்ன நினைக்கிறீர்கள்" என்று விசாரித்து, இருவரும் ஒன்றையே நம்புவதாக ஏற்றுக்கொண்டார். பாடத்திட்டத்தில் அரை வரிதான் இதற்கு. எனக்கு மொத்தத் தாளிலும் பிடித்த காட்சி இது.

மறு தேர்வில் அதே தலைப்பு வந்தது. 268இல் தொடங்கி உற்சாகமாக எழுதினேன். கை நின்றபோது மணி அடிக்கப் பத்து நிமிடம். பரிசுத்த ஆவிக்கு அரைப் பக்கம்தான் மிஞ்சியது. 381இல் கான்ஸ்டான்டினோப்பிள் சங்கம், ஆவியானவர் பிதாவோடும் குமாரனோடும் தொழப்படுகிறவர் என்றது. அவருக்கு ஹோமோஊசியோஸ் என்ற சொல்லை அறிக்கையில் பயன்படுத்தவில்லை. பேசிலும் ஆவியானவரைப் பற்றிய தம் நூலில் அதைத் தவிர்த்திருந்தார். இதை மட்டும் விளக்கவே இரண்டு பக்கம் வேண்டும். 20க்கு 14 வந்தது. ஓரத்தில் மறுபடியும் சிவப்பு மை: "ஆவியானவர் எங்கே?"