இன்வர்னஸ் நாட்குறிப்பு: ஜேமிக்காக அழுகிறவர்கள்

2023 பிப்ரவரி 5, ஞாயிறு

நைட் டியூட்டி இடைவேளையில் மறுபடியும் 'அவுட்லேண்டர்' நாவல் தொடர் பற்றிய பேச்சு. எங்கள் வார்டில் மூன்று கட்சி. ஐம்பதைத் தாண்டிய ஆங்கிலேய அம்மா ஒருவர் ஒன்பது புத்தகங்களையும் படித்தவர். எட்டாவது 2014-இல் வந்தது, ஒன்பதாவது 2021-இல்தான் வந்தது. அந்த ஏழு வருடக் காத்திருப்பை இன்னும் ஆற்றாமையோடுதான் சொல்கிறார். இன்னொருத்தி சின்னப் பெண், டி.வி. தொடர் மட்டும் பார்ப்பவள். மூன்றாமவர் இந்த ஊர்க்காரர். பாட்டி காலம்வரை வீட்டில் ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக் பேசிய குடும்பம். அவர் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. "எங்க ஆளுங்க செத்த இடத்துல காதல் கதையா?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிடுவார்.

நான் எந்தக் கட்சி என்று கேட்டார்கள். படித்தவள், நேசிப்பவள் என்றேன். கதாநாயகி கிளேர் இரண்டாம் உலகப்போரில் நர்ஸ். 1945-இல் கணவன் ஃபிராங்கோடு ஸ்காட்லாந்தின் இதே இன்வர்னஸுக்கு வருகிறாள். நட்டுவைத்த கற்களின் வளையத்துக்குள் கால் வைத்தவள் 1743-இல் போய் விழுகிறாள். அங்கே ஜேமி ஃப்ரேசரை அவள் முதன்முதலில் பார்க்கும்போது அவனுக்குத் தோள்பட்டை மூட்டு விலகியிருக்கிறது. சுற்றி நிற்கிற ஆண்கள் அதைத் தப்பான கோணத்தில் இழுக்கப் போகிறார்கள். பொறுக்க முடியாமல் அவள் உள்ளே புகுகிறாள். எதிரி தேசமோ எதிரிக் காலமோ, தப்பாக ஒரு கையை இழுக்கிறதைப் பார்த்துக்கொண்டு எந்த நர்ஸால் சும்மா இருக்க முடியும்? அந்த இடத்திலேயே நான் அவள் பக்கம் போய்விட்டேன்.

2023 பிப்ரவரி 12, ஞாயிறு

காஞ்சிபுரத்தில் தங்கச்சி முதல் புத்தகத்தை முடித்துவிட்டாள். போனை எடுத்ததுமே, "அக்கா, அந்த அம்மை குத்துன தழும்பு!" என்றாள். சூனியக்காரிகள் என்று கிளேரையும் கெய்லிஸ் என்பவளையும் விசாரிக்கிற இடம். கெய்லிஸின் கையில் அந்த வட்டத் தழும்பைப் பார்த்ததும், இவளும் நம் காலத்திலிருந்து வந்தவள் என்று கிளேருக்குப் புரிகிறது. எங்கள் அம்மா கையிலும் அதே தழும்பு இருக்கிறது. காலப் பயணத்துக்கு இதைவிட நல்ல சாட்சியை நான் எந்தக் கதையிலும் படித்ததில்லை. எந்திரம் இல்லை, விளக்கம் இல்லை, தடுப்பூசித் தழும்பு ஒன்று போதும்.

பிறகு சண்டை. சொன்ன பேச்சை மீறிப் போனதால் எல்லார் உயிருக்கும் ஆபத்து வந்தது என்று சொல்லி, ஜேமி கிளேரை வாரால் அடிக்கிற அத்தியாயம். முதல் புத்தகம் வந்தது 1991-இல். அன்றிலிருந்து இன்றுவரை வாசகர்கள் இதில் இரண்டாகப் பிரிந்தே நிற்கிறார்கள். 'அந்தக் காலத்து ஆண் அப்படித்தான் இருப்பான், அதை மறைத்தால்தான் பொய்' என்று ஒரு பக்கம். 'அவன் அடிக்கட்டும், ஆனால் நாங்கள் அவனை ரசிக்க வேண்டும் என்று ஏன் எதிர்பார்க்கிறீர்கள்' என்று மறுபக்கம். தங்கச்சி இரண்டாவது பக்கம். நானும்தான். அடித்தது இல்லை எனக்குப் பிரச்சினை. அடுத்த சில பக்கங்களில் அது கேலிப் பேச்சாக மாறுகிறதே, அதுதான். இனிமேல் கை ஓங்கமாட்டேன் என்று அவன் சத்தியம் செய்கிறான், உண்மை. அந்தச் சத்தியம் சிரிப்பில்லாமல் வந்திருக்க வேண்டும்.

ஜேமி அடைபட்டிருக்கிற வென்ட்வொர்த் சிறைக் காட்சிகளில் தங்கச்சி புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போனாளாம். மறுநாள் பகல் வெளிச்சத்தில்தான் தொடர முடிந்தது என்றாள். ஓர் ஆணுக்கு நேர்ந்த பாலியல் கொடுமையும், அதற்குப் பிறகு அவன் உடைந்து கிடப்பதும் காதல் கதை என்று எடுத்த புத்தகத்தில் இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அந்த இடத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தொடர் முழுக்க அதே கொடுமை ஒருவர் மாற்றி ஒருவருக்கு நடந்துகொண்டே போவதை என்னால் ஏற்க முடியவில்லை. கதை நகர அத்தனை முறை அது தேவையில்லை.

2023 பிப்ரவரி 26, ஞாயிறு

ஃபிராங்க் பாவமா இல்லையா என்று இன்று அரை மணி நேரம் போனது. டி.வி.யில் டோபியாஸ் மென்சிஸ் நடித்ததால் ஃபிராங்குக்கு ஆதரவு கூடிவிட்டது என்கிறாள் சின்னப் பெண். அவர் முகத்தில் இருக்கிற துக்கம் புத்தகத்தில் இல்லை என்பது சரிதான். அதே நடிகர்தான் ஜேமியைச் சிறையில் வதைத்த கொடூரன் பிளாக் ஜாக் ராண்டலாகவும் வருகிறார். அந்த முகத்தோடு கிளேர் திரும்பி வந்து ஏறக்குறைய இருபது வருடம் குடித்தனம் செய்ய வேண்டும். இதை நினைத்துப் பார்த்தால் இரண்டு பேரும் பாவம்.

2023 மார்ச் 19, ஞாயிறு

இங்கே இன்று அன்னையர் தினம். தங்கச்சி மூன்றாம் புத்தகத்தில் அச்சகக் காட்சியைத் தாண்டியிருக்கிறாள்.

வாசகர்கள் இந்தத் தொடரை விட்டுப் போகாததற்குக் காரணம் கேட்டால் நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். ஸ்காட்லாந்துக் கிளர்ச்சி தோற்றுப்போன கலோடன் போருக்கு முன் ஜேமி கர்ப்பிணியான கிளேரைக் கற்களுக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறான், தான் சாகப் போவதாக நினைத்து. அவள் 1948-இல் மகளைப் பெற்று, டாக்டருக்குப் படித்து, அறுவை சிகிச்சை நிபுணர் ஆகிறாள். 1968-இல் அவன் சாகவில்லை என்று பழைய ஆவணங்களில் தெரிகிறது. எடின்பரோவில் ஓர் அச்சகத்தின் கதவைத் திறந்து அவள் உள்ளே போகும்போது அவளுக்கு ஐம்பது நெருங்குகிறது, அவனுக்கு நாற்பத்தைந்து. அவளைப் பார்த்ததும் அவன் மயங்கி விழுகிறான்.

காதல் கதைகள் கல்யாணத்தோடு முடிந்துவிடும், அல்லது சாவோடு. நரைக்கத் தொடங்கிய தலைமுடியையும் தளர்ந்த வயிற்றையும் நினைத்துக் கூசுகிற ஒருத்தியை, அவன் இன்னும் ஆசையோடு பார்ப்பான் என்று எழுதியவர்கள் குறைவு. எங்கள் வார்டு ஆங்கிலேய அம்மா இந்தப் பக்கங்களை மட்டும் எத்தனையோ தடவை படித்திருக்கிறார். "என் வயசுப் பொம்பளைய யாருமே பாக்குறதில்ல, இதுல பாக்குறாங்க" என்றார். பலருக்கு இது பொழுதுபோக்கு. அவருக்கு அதைவிடப் பெரிய விஷயம்.

தங்கச்சிக்கு ஆனால் ஆத்திரம். "பெத்த பொண்ண விட்டுட்டு, திரும்பி வர வழி உண்டான்னு தெரியாம, ஒரு ஆம்பளைக்காகப் போவாளா அக்கா?" என்றாள். மகள் பிரியானாவுக்கு இருபது வயது, அவளேதான் அம்மாவைப் போகச் சொல்கிறாள் என்றேன். "பொண்ணு சொல்லுவா. அம்மா போகக் கூடாது" என்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இருபது வருடம் மகளுக்காகவே வாழ்ந்தவள். அந்த மகள் வளர்ந்து, கதவைத் திறந்துவிடுகிறாள். நம் ஊரில் அம்மாவுக்கு அப்படி ஒரு கதவை எந்தப் பிள்ளையும் திறந்துவிடுவதில்லை. அதனால்தான் நமக்கு அது குற்றமாகத் தெரிகிறது என்று சொன்னேன். போனில் கொஞ்சம் கோபமாகத்தான் முடிந்தது.

2023 ஏப்ரல் 18, செவ்வாய்

லீவு நாள். பஸ்ஸில் கலோடன் போனேன். ஊர்க்காரரும் கூட வந்தார், நான் கேட்டதற்காக.

1746 ஏப்ரல் 16-ஆம் தேதி இங்கே நடந்த போர் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. ஸ்டூவர்ட் அரச குடும்பத்தை மறுபடி அரியணை ஏற்றக் கிளர்ந்த ஜேக்கபைட் பக்கம் இறந்தவர்கள் சுமார் 1,500 பேர். அரசுப் படையில் ஐம்பது பேர் என்று கணக்கு. கதையைப் படிக்கிற எல்லாருக்கும் இந்தத் தேதி முன்கூட்டியே தெரியும், கிளேருக்கும் தெரியும். இரண்டாம் புத்தகத்தில் கணவனும் மனைவியும் பாரிஸுக்குப் போய், அந்த ஸ்டூவர்ட் குடும்பத்து இளவரசர் சார்லஸுக்குப் பணம் கிடைக்காமல் செய்து, கிளர்ச்சியையே நிறுத்தப் பார்க்கிறார்கள். நிற்கப் போவதில்லை என்று தெரிந்தும் நாம் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டே படிக்கிறோம்.

குலப் பெயர் பொறித்த கற்கள் 1881-இல் நட்டவை. ஃப்ரேசர் கல்லைத் தேடவே வேண்டாம். எங்கே கூட்டம் நிற்கிறதோ அங்கே இருக்கிறது. ஜேமிக்காக வந்து நின்றவர்களின் காலடியில் அந்தக் கல்லைச் சுற்றியிருந்த புல் செத்து, சில வருடங்களுக்கு முன் கயிறு கட்டித் தடுக்க வேண்டி வந்தது. இன்றும் பூ இருந்தது. ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த வேறு குலத்தின் கல்லை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஊர்க்காரர் முகம் இறுகிப்போனது. "கீழ இருக்கிறவங்க கதையில வந்தவங்க இல்ல" என்றார்.

அவர் கோபம் நியாயம். அது சமாதி. எழுதிய டயானா கேபல்டன் அமெரிக்காவின் அரிசோனாக்காரர். 1988-இல் எழுதத் தொடங்கியபோது ஸ்காட்லாந்தை நேரில் பார்த்ததுகூட இல்லை, நூலகப் புத்தகங்களை வைத்துத்தான் எழுதினார். ஆனால் ஜேமியின் வேர் முழுக்கக் கற்பனை இல்லை என்று நான் அவரிடம் சொன்னேன். போருக்குப் பிறகு காயம்பட்ட ஜேக்கபைட் அதிகாரிகள் சிலர் ஒரு வீட்டில் ஒளிந்திருந்தார்கள், பிறகு வெளியே இழுத்துச் சுடப்பட்டார்கள், அதில் லொவாட் படையைச் சேர்ந்த ஒரு ஃப்ரேசர் மட்டும் தப்பினார் என்று ஒரு வரலாற்றுப் புத்தகத்தில் படித்துத்தான் கேபல்டன் தன் நாயகனுக்கு ஃப்ரேசர் என்று பெயர் வைத்தார். அந்த ஒற்றை வரியிலிருந்து ஒன்பது புத்தகங்கள். ஊர்க்காரருக்கு இது தெரியாது. "அப்போ அந்த மனுஷனுக்காக அழட்டும், சரி" என்றார். என் கருத்தும் அதுதான். பூ வைக்க ஆசைப்படுகிறவர்கள் நடுவில் இருக்கிற பெரிய நினைவுக் கற்குவியலுக்கு வரட்டும், அது எல்லாருக்கும் பொது. கல்லை மிதிக்காமல், இறந்தவர்களைப் பற்றி ஒரு பக்கமாவது படித்துவிட்டுப் போகட்டும். இந்தத் தொடர் இல்லாவிட்டால் இவர்களில் பாதிப் பேருக்குக் கலோடன் என்ற பெயரே தெரிந்திருக்காது. அதையும் அவர் முன்னாலேயே சொன்னேன்.

2023 ஏப்ரல் 20, வியாழன்

அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இன்று டீ குடிக்கும்போது ஊர்க்காரரிடம் சொன்னேன். கிளர்ச்சியில் சேர்ந்த குரோமார்ட்டி பிரபுவுக்கு மரண தண்டனை விதித்துப் பிறகு மன்னித்தார்கள். கூடவே பிடிபட்ட அவர் மகன் மெக்லியட் பிரபு சுவீடனுக்குப் போய்ப் படையில் சேர்ந்தார். பல வருடம் கழித்துத் திரும்பி வந்து 1777-இல் மலைநாட்டு ஆட்களைத் திரட்டி ஒரு படை சேர்த்தார், 73-ஆம் படைப்பிரிவு. அதை மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். 1780 செப்டம்பர் 10 அன்று, எங்கள் காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூரில், ஹைதர் அலியும் திப்புவும் கிழக்கிந்தியக் கம்பெனிக் கர்னல் பெய்லியின் படையைச் சுற்றி வளைத்து நொறுக்கினார்கள். அதில் இந்த 73-ஆம் பிரிவின் இரண்டு சிறு அணிகள் இருந்தன. கூடச் செத்தவர்களில் பெரும்பாலோர் நம் பக்கத்துச் சிப்பாய்கள்.

தொடரில் ஜேமி குடும்பம் அமெரிக்காவுக்குப் போகிறது. இந்தப் பக்கம் வந்த மலைநாட்டுக்காரர்களின் கதை அதில் இல்லை. எனக்கு அது ஒரு குறை; வரலாற்றில் அந்த வழியும் திறந்துதான் இருந்தது. ஊர்க்காரர் புள்ளலூர் என்ற பெயரை எழுதித் தரச் சொன்னார். அவர் அண்ணனுக்குப் படைப்பிரிவுகளின் வரலாற்றில் ஆர்வம் உண்டாம்.

2023 ஏப்ரல் 30, ஞாயிறு

தங்கச்சியோடு சமாதானம். மூன்றாம் புத்தகத்தை முடித்துவிட்டாள். அதில் வருகிற சீனர், வில்லோபி என்று மற்றவர்கள் கூப்பிடுகிற யி டியென் சோ, அவளை உறுத்தியிருக்கிறார். "குடிக்கிறான், பொம்பளைங்க கால் பின்னாடி அலையுறான், அவன மனுஷனாவே எழுதல அக்கா" என்றாள். பல வாசகர்கள் இதைச் சொல்லியிருக்கிறார்கள். டி.வி. தொடரில் அவரைக் கண்ணியமான ஆளாக மாற்றிவிட்டார்கள். ஜேமியை இத்தனை பொறுமையாகச் செதுக்கிய கை ஆசியர் ஒருவரை இப்படிக் கிறுக்கியதில் எனக்கும் வருத்தம்தான். இதைச் சொல்வதால் தொடர்மேல் உள்ள அன்பு குறையவில்லை.

பிறகு பேய்க்கு வந்தோம். முதல் புத்தகத்தின் தொடக்கத்தில், 1945-இல், மழையில் ஒரு மலைநாட்டு ஆள் தெருவில் நின்று கிளேரின் ஜன்னலை அண்ணாந்து பார்ப்பதை ஃபிராங்க் பார்க்கிறான். அது ஜேமியின் ஆவிதான், கடைசிப் புத்தகத்தில் விளக்குவேன் என்று கேபல்டன் சொல்லிவிட்டார். சாகிறபோது அவளைத் தேடி வருகிறான் என்பது தங்கச்சியின் கட்சி. அவன்தான் அவளைக் கற்களுக்கு அழைத்தான் என்பது என் கட்சி.

நாலாவது புத்தகத்தை எடுத்துவிட்டாள். அதில் வட கரோலினாவில் ஜேமியின் அத்தை வீட்டுப் பண்ணை வரும், அடிமைகளை வைத்து நடக்கிற பண்ணை. அங்கே கிளேர் நடந்துகொள்வது போதுமா என்று படித்துவிட்டுச் சொல் என்றிருக்கிறேன். எனக்குப் போதவில்லை.