ஸ்கிரீன் சொல்லும் மைலேஜ், பங்க் பில் சொல்லும் மைலேஜ்

என் காரின் ஸ்கிரீனில் மைலேஜ் லிட்டருக்கு 16.2 கிலோமீட்டர். பங்க் பில்லை வைத்துக் கணக்குப் போட்டால் 15.1. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று சுற்றி ஒரு டேங்க் தீர்ந்ததும் கிடைத்த எண்கள் இவை: 412 கிலோமீட்டர், 27.3 லிட்டர். ஒரே டேங்கை வைத்து முடிவு கட்ட முடியாது என்று தொடர்ந்து குறித்து வந்தேன். பெரும்பாலும் ஆறு முதல் எட்டு சதவீதம் வரை ஸ்கிரீன் கூட்டித்தான் சொல்கிறது.

ஒவ்வொரு தடவையும் அதே பங்க், அதே பம்ப். டேங்க் நிறைந்து பம்ப் தானாக நிற்கும் அந்த முதல் ஆட்டோ கட் விழுந்ததும் நிறுத்தச் சொல்லிவிடுவேன். "ரவுண்டா போட்டுரட்டுமாண்ணே?" என்று பங்க் பையன் கேட்காமல் இருந்ததே இல்லை. ரூபாயை ரவுண்டாக்க அரை லிட்டர் கூடுதலாகப் போனால் 27 லிட்டரில் கிட்டத்தட்ட இரண்டு சதவீதம் தப்பாகிவிடும். நாம் தேடுகிற வித்தியாசமே ஏழு சதவீதம்தானே! ஓடிய தூரத்தைக் காட்டும் ட்ரிப் மீட்டரையும் ஸ்கிரீனின் சராசரியையும் பங்கிலேயே ஒன்றாகப் பூஜ்யமாக்கிவிட வேண்டும்.

இன்னொன்று, மைலேஜ் எண்களைக் கூட்டி இரண்டால் வகுக்கக் கூடாது. 360 கிலோமீட்டர் 12 வீதம், அடுத்த 360 கிலோமீட்டர் 18 வீதம் ஓடினால் சராசரி 15 அல்ல. முதலாவதுக்கு 30 லிட்டர், அடுத்ததுக்கு 20 லிட்டர். 720ஐ 50ஆல் வகுத்தால் 14.4. மொத்தக் கிலோமீட்டர், மொத்த லிட்டர், அவ்வளவுதான்.

சரி, ஸ்கிரீன் ஏன் கூட்டிச் சொல்கிறது? அது பெட்ரோலை அளப்பதே இல்லை. இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்து இவ்வளவு போயிருக்கும் என்று கணக்கிடுகிறது. ஒவ்வொரு பீய்ச்சலிலும் துளி குறைத்து எண்ணினாலும் டேங்க் முடிவதற்குள் அது லிட்டர் கணக்காகிவிடும்.

அதற்காக ஸ்கிரீனை ஒதுக்கிவிட முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட்டால் வேறு வழியில்லை. தென்மேற்குப் பருவக்காற்று சீசனில் ஆரல்வாய்மொழி வழியாகக் காவல்கிணறு போய்த் திரும்பினேன். முப்பந்தலில் காற்றாலைகள் சுற்றோ சுற்றென்று சுற்றுகின்றன. போகும்போது காற்று முதுகில். ஸ்கிரீன் 19க்கு மேல் போனது. திரும்பும்போது காற்று நேர் எதிரே. அதே எண்பது கிலோமீட்டர் வேகத்தில் 15ஐத் தாண்டவில்லை. இத்தனை சின்ன ஓட்டத்தை பங்க் பில்லால் பிடிக்கவே முடியாது. மார்த்தாண்டம் பாலத்துக்குக் கீழே ஏசியோடு நின்றால் சராசரி கண்ணெதிரே ஒவ்வொரு புள்ளியாக இறங்குவதும் அப்படித்தான். வண்டி நகராமலே பெட்ரோல் போய்க்கொண்டிருக்கிறதே!

இப்போது ஸ்கிரீன் எண்ணை 0.93ஆல் பெருக்கிக்கொள்கிறேன். பங்க் கணக்கோடு பெரும்பாலும் ஒட்டி வருகிறது.

பாக்கி இருப்பது கிலோமீட்டர். ஸ்கிரீனும் என் கணக்கும் தூரத்தை ஒரே சக்கரத்திலிருந்துதான் எடுக்கின்றன. அதனால் ஓடோமீட்டர் தப்பாக இருந்தால் இரண்டும் சேர்ந்தே தப்பும், இடைவெளி மட்டும் மாறாது. தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு. கூடுதல் சுற்று சுற்றும், ஓடாத தூரத்தையும் ஓடியதாகக் காட்டும். ஆறு மில்லிமீட்டர் தேய்ந்தாலே இரண்டு சதவீதம் வரை வந்துவிடும். என் டயர்களும் மாற்றுகிற பருவத்தில்தான் இருக்கின்றன. புது டயர் போடுவதற்கு முன்னும் பின்னும் நாற்கரச் சாலைக் கிலோமீட்டர் கற்களை வைத்து ஒரு முறை சரிபார்த்துவிட்டு எழுதுகிறேன்.