பேக் பட்டனை அழுத்தினால் முதல் பத்தி

நேற்று ஒரு செய்தித் தளத்தில் பாதிவரை படித்துவிட்டு வேறொரு சுட்டியைத் தொட்டேன். திரும்பி வந்தால் மறுபடி முதல் பத்தி! அதுவும் வெள்ளைத் திரையில் ஒரு சக்கரம் சுற்றி முடித்த பிறகுதான்.

எல்லாம் சிங்கிள் பேஜ் ஆப் (ஒரே பக்கத்தைத் திறந்துவைத்து, உள்ளே இருப்பதை மட்டும் மாற்றிக் காட்டும் தளம்) மோகம். சர்வர் எழுத்தை நேராக அனுப்பாமல், காலியான ஒரு எச்டிஎம்எல் பக்கத்தையும் ஒரு மூட்டை ஜாவாஸ்கிரிப்டையும் (பிரவுசருக்குள் ஓடும் நிரல்) அனுப்பும். மிச்சத்தை நம் போனே கட்டிக்கொள்ள வேண்டும். பேக் பட்டன், ஸ்க்ரோல் நின்ற இடம் என்று பிரவுசர் சும்மா தருவதையெல்லாம் டெவலப்பர் திரும்ப எழுத வேண்டும். (நானும் எழுதியிருக்கிறேன். பாவம்தான்.)

ட்விட்டர் 2010-இல் இந்த வழிக்குப் போனது. முகவரியில் #! என்று வருமே, நினைவிருக்கிறதா? 2012-இல் பக்கத்தை மறுபடி சர்வரிலேயே தயாரிக்கத் தொடங்கினார்கள். முதல்முறை திறக்கும் நேரம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது என்று அவர்களே எழுதினார்கள்.

அதற்காக முறையே தப்பு என்று சொல்ல மாட்டேன். ஜிமெயில், கூகுள் மேப்ஸ் எல்லாம் திறந்தால் நெடுநேரம் திறந்தே கிடப்பவை. மேப்பை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் பக்கம் புதிதாக வந்தால் யார் பொறுப்பார்? சரி, நாலு பத்திச் செய்திக்கு எதற்கு அது?