வீட்லயே கல்லோட அடர்த்தி பார்த்தேன்: ஸ்பெர்ரிலைட்டா, வெள்ளியா, கோபால்டைட்டா?

மூணு வாரமா இதே வேலைதான் ஓடிட்டு இருந்துச்சு, நேத்து ராத்திரிதான் ஒரு முடிவு தெரிஞ்சுது, நோட்டுல கிறுக்கி வச்சது மறக்குறதுக்குள்ள ஒழுங்கா எழுதிடலாம்னு உட்கார்ந்துட்டேன்.

கல்லு சேர்க்குற பழக்கம் எனக்கு ரொம்ப வருஷமா இருக்கு. அதுல ரொம்ப நாள் ஆசை ஸ்பெர்ரிலைட். பிளாட்டினம் அணு ஒண்ணுக்கு ஆர்செனிக் அணு ரெண்டுன்னு சேர்ந்த கனிமம், எடையில பார்த்தா 56.6 சதவீதம் பிளாட்டினம், மீதி எல்லாம் ஆர்செனிக். அரிய கனிமம்தான், ஆனா பிளாட்டினம் இருக்குற கனிமங்களுக்குள்ள பார்த்தா இதுதான் அதிகமா கிடைக்குறது, அதுலயும் பெரும்பாலும் மைக்ரோஸ்கோப்ல மட்டும் தெரியுற பொடி. கண்ணுக்குத் தெரியுற கிரிஸ்டல்னா ரஷ்யாவுல நோரில்ஸ்க் பக்கம் இருக்குற டால்நாக், தென்னாப்பிரிக்காவுல புஷ்வெல்ட் இந்த மாதிரி சில இடம்தான். பணம் சேர்த்து சேர்த்து போன மாசம் ஒரு குட்டி கிரிஸ்டல் வாங்கினேன், டால்நாக்னு சீட்டு எழுதி வந்துச்சு. 3 மிமீ கூட இல்ல. கனசதுரம் மாதிரி இருக்கு, மூலை எல்லாம் வெட்டி விட்ட மாதிரி முக்கோண முகம், டேபிள் லேம்ப் வெளிச்சத்துல திருப்பினா ஒவ்வொரு முகமா கண்ணாடி மாதிரி மின்னுது, அவ்ளோ அழகு. பின்பக்கம் மட்டும் உடைஞ்சிருக்கு, பாறையில ஒட்டிட்டு இருந்த இடமா இருக்கணும்.

சந்தோஷம் ரெண்டு நாள்தான். அப்புறம் சந்தேகம் வந்துடுச்சு. வெள்ளை நிறம், உலோகப் பளபளப்பு, கனசதுரம், இது மூணும் கோபால்ட், ஆர்செனிக், கந்தகம் சேர்ந்த கோபால்டைட்ங்குற கனிமத்துக்கும் பொருந்தும். ஸ்பெர்ரிலைட் பைரைட் குடும்பம், அதாவது பைரைட்ல இரும்பு இருக்குற இடத்துல பிளாட்டினம், கந்தக ஜோடி இருக்குற இடத்துல ஆர்செனிக் ஜோடி. கோபால்டைட்டோட கட்டமைப்பும் அதுக்கு ரொம்ப பக்கத்துல வர்றதுதான், அதனால உருவம் பார்த்து சொல்றது கஷ்டம். உரசிப் பார்த்தா ஸ்பெர்ரிலைட் கருப்பா கோடு விடும், கோபால்டைட்டும் கருப்புக்குப் பக்கத்துலதான் விடும், தவிர இவ்ளோ காசு குடுத்து வாங்கினதை உரச மனசு வரல.

ஆனா ஒரு விஷயத்துல ரெண்டும் எட்டாத தூரம். அடர்த்தி. கோபால்டைட் தண்ணியைப் போல 6.3 மடங்கு கனம், ஸ்பெர்ரிலைட் 10.6 மடங்கு. கல்லுக்கு சேதமே இல்லாம வீட்லயே பார்க்கக்கூடிய டெஸ்ட் இதுதான்னு முடிவு பண்ணேன்.

எங்க சித்தப்பா சௌகார்பேட்டையில நகைப் பட்டறை வச்சிருக்கார். அவர்கிட்டதான் மில்லிகிராம் தராசு கடன் வாங்கினேன், 50 கிராம் வரைக்கும் தாங்கும், 1 மில்லிகிராம் வரைக்கும் காட்டும். கல்லை சாமணத்துல எடுத்து வச்சா 0.212 கிராம். ரெண்டு குந்துமணி எடைதான் வரும்.

செட்டப் ரொம்ப சிம்பிள். இருமல் மருந்து பாட்டில் மேல வர்ற சின்ன பிளாஸ்டிக் கப்ல தண்ணி ஊத்தி தராசு மேல வச்சு சைபர் பண்ணிடணும், கல்லை மெல்லிசு கம்பியில கட்டி மேல இருந்து தண்ணிக்குள்ள தொங்க விடணும், அடியையும் தொடக்கூடாது பக்கத்தையும் தொடக்கூடாது. இப்ப தராசு காட்டுறது கல்லோட எடை இல்ல, கல்லு ஒதுக்கின தண்ணியோட எடை. காத்துல பார்த்த எடையை அதால வகுத்தா தண்ணியைப் போல எத்தனை மடங்குன்னு வந்துடும். கம்பிக்கு பழைய ஹெட்போன் ஒயர்ல இருந்து உருவின தாமிர இழை, அதை சின்ன கூடை மாதிரி முடைஞ்சு, முதல்ல வெறும் கூடையை தண்ணியில விட்டு சைபர் பண்ணிட்டு, அப்புறம் கல்லோட அதே ஆழத்துக்கு விடணும்.

பழக்கத்துக்கு தெரிஞ்ச கல்லை முதல்ல பார்த்தேன். ஸ்பெயின் பைரைட் கனசதுரம் ஒண்ணு, 4.968 கிராம், தண்ணியில 0.994 காட்டுச்சு, கணக்கு 5.0. ராஜஸ்தான் ஜாவர்ல இருந்து வந்த கலீனா (ஈயத் தாது) துண்டு 3.310க்கு 0.442, 7.5 வந்துச்சு. ரெண்டும் புத்தகத்துல இருக்குற மாதிரியே. சரி கை பழகிடுச்சுன்னு தைரியமா ஸ்பெர்ரிலைட்டை விட்டேன்.

25 மில்லிகிராம். 212ஐ 25ஆல வகுத்தா 8.5.

அன்னைக்கு தூக்கமே வரல. 6.3ன்னு வந்திருந்தாகூட கோபால்டைட்னு மனசைத் தேத்திட்டு இருப்பேன், 10.6 வந்தா கொண்டாட்டம், 8.5ன்னா என்னன்னே புரியல. மறுநாளும் அதேதான், 24, 26, 23ன்னு மாறி மாறி காட்டுது. சின்ன கல்லுல இதுதான் பிரச்சனை, பைரைட்ல 4 மில்லிகிராம் தப்பு வந்தா கணக்குல தெரியவே தெரியாது, இங்க அதே 4 மில்லிகிராம் கனிமத்தையே மாத்திடுது.

முதல்ல பிடிபட்டது ஆவியாகுறது. மே மாச சென்னையில ஃபேனை நிறுத்திட்டு ஜன்னலை சாத்திட்டு உட்கார்ந்தாலும் அந்த சின்ன கப்ல இருந்து நிமிஷத்துக்கு 1 மில்லிகிராம் தண்ணி போயிட்டே இருக்கு, தராசைப் பார்த்துட்டே இருந்தா நம்பர் தானா இறங்குது. ஃபேன் போட்டா நம்பர் நிக்கவே நிக்காது. அதனால ராத்திரி பதினோரு மணிக்கு மேல, வேர்வை கப்ல சொட்டாம இருக்க தலையில துண்டு கட்டிக்கிட்டு, வெறும் கூடை, கல்லோட கூடை, திரும்ப வெறும் கூடைன்னு மூணு தடவை சம இடைவெளியில எடுத்து, முன்னாடி பின்னாடி ரெண்டுக்கும் சராசரி பார்த்து கழிச்சேன். ஆவியானது கணக்குல அடிபட்டுச்சு, ஆனா விடை அப்பவும் 9ஐத் தாண்டல.

ஞாயித்துக்கிழமை தராசைப் பார்க்க சித்தப்பா வீட்டுக்கு வந்தார். கண்ணுல லூப் (நகைக்காரங்க வச்சிருக்குற பூதக்கண்ணாடி) மாட்டிக்கிட்டு கப்பைப் பக்கவாட்டுல பார்த்தவர், "டேய், கல்லு நனையவே இல்லையே, சுத்தி காத்து ஒட்டிட்டு நிக்குது பாரு, பின்பக்கம் உடைஞ்ச குழியில முட்டை முட்டையா இருக்கு. நனையாததைத் தண்ணியில நிறுத்தி என்னடா பிரயோஜனம்" அப்படின்னார். நான் எத்தனை நாளா மேல இருந்தே பார்த்துட்டு இருந்திருக்கேன். பக்கவாட்டுல பார்த்தா வெள்ளி முத்து மாதிரி நாலஞ்சு குமிழி, ஒவ்வொண்ணும் 1 மிமீக்குக் கொஞ்சம் மேலயே இருக்கும். அந்த குமிழிங்க ஒதுக்குற தண்ணிதான் அந்த கூடுதல் 4 மில்லிகிராம்.

இதுல எனக்கு மயிர் கூச்செறிஞ்ச விஷயம் ஒண்ணு இருக்கு. கனடாவுல சட்பரி பக்கம் ஒரு தாமிரக் கம்பெனியில கெமிஸ்ட்டா இருந்த ஃபிரான்சிஸ் ஸ்பெர்ரிதான் வெர்மிலியன் சுரங்கத்து மண்ணுல இதை முதல்ல கவனிச்சது, அவர் பேர்தான் கனிமத்துக்கு. 1889ல இதை ஆராய்ஞ்சு எழுதினது ஹோரஸ் வெல்ஸ். இவ்ளோ கனமான பொருளா இருந்தும் இந்த மணல் தண்ணியில போட்டா மிதக்கப் பார்க்குதுன்னு அவர் அப்பவே பதிவு பண்ணிருக்கார், தண்ணி இதுல சுலபமா ஒட்டாது. அதைப் படிச்சது ஞாபகத்துல இருந்துச்சு, ஆனா என் கப்ல நடக்குறதும் அதுதான்னு சித்தப்பா சொல்ற வரைக்கும் எனக்குத் தோணல. 130 வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் கண்ணுல பட்ட குணம் என் டேபிள் மேல அப்படியே நடக்குது!

வழியும் சித்தப்பாவே சொன்னார். பட்டறையில நகை கழுவுற பூந்திக்கொட்டைத் தண்ணி. கல்லை அதுல அரை மணி நேரம் ஊற வச்சு, மெல்லிசு பிரஷ்ஷால உடைஞ்ச பக்கத்தை தேய்ச்சு, காய விடாம ஈரத்தோடயே கூடைக்கு மாத்தணும். கப்ல இருந்த தண்ணியையும் மாத்தினேன், நல்லா கொதிக்க வச்சு மூடி ஆற வச்ச தண்ணி, அப்பதான் அதுல கரைஞ்சிருக்குற காத்து வந்து கல்லுல ஒட்டாது, அதுலயும் ஒரு சொட்டு பூந்திக்கொட்டைத் தண்ணி. லூப் வச்சுப் பார்த்தேன், ஒரு குமிழிகூட இல்ல.

20, 21, 20, 19, 21.

சராசரி 20.2, வகுத்தா 10.5. தண்ணி 30 டிகிரியில இருந்துச்சு, அந்த சூட்டுல தண்ணியே கொஞ்சம் லேசு, அதனால கொஞ்சம் கழிக்கணும், அதையும் பார்த்தா 10.45. தராசு 1 மில்லிகிராம் அப்படி இப்படி போகும்னு வச்சாகூட 10ல இருந்து 11க்குள்ளதான், கோபால்டைட்டுக்கு வாய்ப்பே இல்ல. நான் எழுந்து குதிக்காத குறை.

உடனே சித்தப்பா கேட்டார், "ஏன்டா, வெள்ளியும் பத்தரைதானே?"

உண்மைதான், வெள்ளி 10.5. யாராவது வெள்ளியை அச்சுல ஊத்தி முகம் தீட்டி குடுத்திருந்தா இதே நம்பர்தான் வரும். இதை நான் யோசிக்கவே இல்ல, வாழ்நாள் முழுக்க வெள்ளியை நிறுத்தவர் கைக்குத்தான் அது முதல்ல தோணும். ஆனா வெள்ளி மெது, 10 வரைக்கும் போற மோஸ் கடின அளவுல 3க்குள்ள, ஸ்பெர்ரிலைட் 6ல இருந்து 7. பித்தளை குண்டூசி முனையை உடைஞ்ச பக்கத்துல ஒரு ஓரமா வச்சு அழுத்தி இழுத்தேன், ஊசிதான் தேய்ஞ்சு மஞ்சளா ஒரு கோடு விட்டுச்சு, துடைச்சா போயிடுச்சு, கல்லுல கீறலே இல்ல. வெள்ளின்னா பள்ளம் விழுந்திருக்கும். உடைஞ்ச இடமும் வெள்ளி மாதிரி வளைஞ்சு நசுங்காம கண்ணாடி மாதிரி சில்லு சில்லா இருக்கு.

அவருக்கு அப்பவும் ஊதுகுழல்ல சூடு காட்டிப் பார்க்கலாமேன்னு ஒரு ஆசை, பட்டறைக்காரர் புத்தி அப்படித்தான் போகும். நான் ஒரே பிடியா வேண்டாம்னுட்டேன். பழைய டெஸ்ட் ஒண்ணு உண்டு, பழுக்கக் காய்ச்சின பிளாட்டினம் தகட்டுல இதைப் போட்டா உருகி வெள்ளைப் புகை விட்டுட்டு, பிளாட்டினம் மட்டும் பொரி மாதிரி தகட்டுல ஒட்டிக்கும். அந்த வெள்ளைப் புகை வேற எதுவும் இல்ல, வெள்ளைப் பாஷாணம், அதாவது ஆர்செனிக்கோட ஆக்சிஜன் சேர்ந்த விஷம். என் 212 மில்லிகிராம் கல்லுல ஆர்செனிக் மட்டும் 92 மில்லிகிராம், புகையா மாறினா 120 மில்லிகிராம் பாஷாணம், ஒரு ஆளோட உயிருக்கே ஆபத்தான அளவு. சும்மா டப்பாவுல இருக்குற வரைக்கும் அது ரொம்ப சாதுவான கல்லு, தண்ணியில கரையாது, லேசுல எதுலயும் கரையாது, நானும் தொட்டா கையை மட்டும் சோப்பு போட்டு கழுவிடுறேன். இந்த மாதிரி கல்லு வச்சிருக்குறவங்க தயவு செஞ்சு சூடு காட்டாதீங்க, பொடி பண்ணாதீங்க.

டப்பாவுல புது சீட்டு எழுதி ஒட்டியாச்சு: ஸ்பெர்ரிலைட், டால்நாக், 0.212 கிராம், அடர்த்தி 10.45. டால்நாக்ங்குற பேர் மட்டும் விற்றவர் வார்த்தையை நம்பி எழுதினது, ஊரை தராசுல நிறுத்திப் பார்க்க முடியாது.

அடுத்தது நாமக்கல். சந்திரயானுக்காக நிலா மண் மாதிரி செய்ய இஸ்ரோ பாறை எடுத்த அதே சித்தம்பூண்டி பக்கம் குரோமைட் (குரோமியத் தாது) அடுக்கு இருக்கு, அதுல பிளாட்டினம் வகை தனிமங்கள் இருக்குறதா புவியியல் துறைக்காரங்க பதிவு பண்ணிருக்காங்க. போன தடவை அந்தப் பக்கம் போனப்ப எடுத்துட்டு வந்த குரோமைட் துண்டு ரெண்டு அலமாரியில இருக்கு. அதை இடிச்சு, பட்டறைக் குப்பையில இருந்து தங்கத் தூள் கழுவி எடுக்குற தட்டுல கழுவிப் பார்க்கணும்னு திட்டம், தட்டை சித்தப்பா தர்றேன்னு சொல்லிட்டார். அதுல ஸ்பெர்ரிலைட் மாதிரி ஏதாவது ஆர்செனைடு (ஆர்செனிக் சேர்ந்த கனிமம்) துகள் இருந்தா பொடி அளவுலதான் இருக்கும், அதனால ஈரத்துலயே இடிக்கணும், தூசி மாஸ்க் போட்டுக்கணும். கழுவுற தண்ணியில முதல்லயே பூந்திக்கொட்டை கலந்துடணும், இல்லன்னா தேடுற துகள் மட்டும் மிதந்து தட்டு விளிம்பைத் தாண்டி தண்ணியோட போயிடும்.